பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

1909-இல் லண்டனில் ஒரு சிறு கைநூல் வெளியானது. ‘பெண்ணும் காரும்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் டோரத்தி லெவிட். நேப்பியர் கார் நிறுவனத்தில் செயலாளராக வேலை பார்த்தவர். ஒரு பெண் ஓட்டிக் காட்டினால் கார் நன்றாக விற்கும் என்று செல்வின் எட்ஜ் என்ற கார் வணிகர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில்தான் லெவிட் ஓட்டக் கற்றார். கணக்குப் போட்டவர் நினைத்ததைவிட வெகுதூரம் போய்விட்டார் அவர். பந்தயங்களில் ஆண்களோடு ஓடினார், பத்திரிகையில் பத்தி எழுதினார், அந்தப் பத்திகளே பிறகு இந்த நூலாயின.

நூலில் ஒரு யோசனை உண்டு. பெண்கள் காரில் போகும்போது கைப்பிடி வைத்த சிறு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் லெவிட். கார்களில் பின்பார்வைக் கண்ணாடி பொருத்துவது வழக்கமாவதற்கு முந்தைய காலம் அது. அலங்காரத்துக்கு என்று பெண்ணின் கைப்பையில் ஒதுக்கப்பட்ட பொருள் சாலையைப் பார்க்கும் கருவியாகிறது. இதைப் பெண்ணின் சாமர்த்தியம் என்று மட்டும் கொண்டாடுவார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. சாலை என்பது முன்னால் தெரிவது மட்டுமல்ல, பின்னால் வருவதும் சேர்ந்ததுதான் என்ற கோட்பாடு அதில் இருக்கிறது. அந்தக் கோட்பாட்டை எந்தப் பொருளைக் கொண்டு, எந்த நேரத்தில், எந்தக் கையசைவால் செய்வது என்பதும் கூடவே இருக்கிறது. படித்த உடனே செய்துவிடலாம். கோட்பாடு என்ற பெயரில் பிறகு வந்த பலவற்றுக்கு இந்தக் குணம் இல்லை.

நான் தமிழ் கற்பிப்பவள். வாகனத்துக்கும் எனக்கும் தொழில்முறைத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் கார் லைசென்ஸ் வைத்திருக்கும் பெண்களை ஒருநாள் மதிய உணவு நேரத்தில் விரல்விட்டு எண்ணினோம். ஏழு பேர். தானே வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்கு வருபவர் இருவர். மற்ற ஐந்து பேரின் அட்டையும் பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், நகைக்கடை ரசீதோடு பத்திரமாக இருக்கிறது. இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் விடுவதில்லை என்போம், பயம் என்போம், நம்ம ஊர் டிராஃபிக் அப்படி என்போம். மூன்றும் உண்மைதான். கற்றுக்கொடுத்தவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசித்ததில் ஓட்டுநர் கல்விக்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அந்த வரலாற்றின் ஓரத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து இருக்கையில்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்று ஓர் ஊர். ஊரின் பெயரே அதுதான். அங்கே ஏமாஸ் நெய்ஹார்ட் என்ற பொறியியல் பேராசிரியர் 1934-இல் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தார். கார் அவருடைய சொந்தக் கார். பள்ளிக்கூடத்தில் ஓட்டுநர் கல்வி என்ற ஏற்பாட்டுக்கு அமெரிக்கர்கள் அவரைத்தான் முதல்வராகச் சொல்கிறார்கள். சில ஆண்டுகளிலேயே அவர் மாணவர்களை விட்டு ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்கப் போய்விட்டார். ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார் என்பது அவருக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

அதற்கு அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பாடநூல்கள் பெருகின, வகுப்புகள் பெருகின, கூடவே விபத்துகளும் பெருகின. 1966-இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஓட்டுநர் கல்விக்கு அரசுப் பணமும் வந்தது. பணம் வந்தால் ஆராய்ச்சி வரும். 1970-இல் மெக்நைட், ஆடம்ஸ் என்ற இருவர் ஓட்டுநரின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பெரும்பணிகள். அவற்றுக்குள் 1,500-க்கும் மேற்பட்ட சிறு செயல்கள். மகத்தான உழைப்பு. பட்டியலைப் பற்றிப் படித்தபோது எனக்கு எழுத்ததிகாரம்தான் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியர் புணர்ச்சி விதிகளை வகுத்ததில் பிழையில்லை. அதை மனப்பாடம் செய்வித்தால் குழந்தை பேசக் கற்றுக்கொள்ளும் என்று நம்பினால்தான் பிழை. 1,500 செயல்களில் எதை இன்றைய முக்கால் மணி நேரத்தில் கற்றுத்தருவது, எதை விடுவது, எதிரில் இருக்கும் இந்தப் பெண்ணுக்கு எது முதலில் தேவை என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. பட்டியல்கள் சொல்வதும் இல்லை.

இந்தப் பட்டியலின் அடிப்படையில் ஒரு முழுமையான பாடத்திட்டம் உருவாக்கப்பட்டு, 1970களின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் என்ற மாவட்டத்தில் சோதிக்கப்பட்டது. 16,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுமார் 70 மணி நேரம் நீளும் முழுப் பாடம். இன்னொன்றுக்கு லைசென்ஸ் வாங்கப் போதுமான குறைந்தபட்சப் பாடம். மூன்றாவதற்குப் பள்ளியில் எதுவும் இல்லை. அமெரிக்க ஓட்டுநர் கல்வி தன் மானத்தையே பந்தயமாக வைத்த சோதனை அது. முடிவு வந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. முழுப் பாடம் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கொஞ்சம் பலன் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்துவிட்டது. 1986-இல் அந்தத் தரவுகளை மறுபடி அலசியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பாடம் படித்தவர்கள் சீக்கிரமே லைசென்ஸ் வாங்கினார்கள், சீக்கிரமே சாலைக்கு வந்தார்கள், ஆகவே விபத்திலும் சிக்கினார்கள்.

இதற்குள் நார்வேயில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கும், சறுக்கும் வண்டியை நேராக்கும் வித்தையைக் கற்றுத்தந்தால் விபத்து குறையும் என்று நம்பி, 1979-இல் புதிய ஓட்டுநர்களுக்குச் சறுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு ஆல்ஃப் கிளாட் என்ற ஆய்வாளர் கணக்குப் பார்த்தபோது, இளம் ஆண்களிடம் சறுக்குச் சாலை விபத்து கூடியிருந்தது. வித்தை தெரியும் என்ற நினைப்பு வித்தையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சென் இதை இன்னும் துல்லியமாகக் காட்டினார். 1996-இல் வெளியான அவருடைய சோதனை சிறியது, 53 பேர்தான். வழுக்கும் தளத்தில் ஒரு குழுவுக்குப் பிரேக் பிடித்து விலகும் திறமையைப் பயிற்றுவித்தார். இன்னொரு குழுவுக்கு, அந்தத் தளத்தில் உன் திறமை எவ்வளவு சீக்கிரம் தோற்கும் என்பதை அனுபவமாகக் காட்டினார். பிறகு இருவரையும் சோதித்தால் ஓட்டும் திறனில் வேறுபாடு இல்லை. நம்மால் எவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்ற மதிப்பீட்டில்தான் வேறுபாடு. திறமைப் பயிற்சி பெற்றவர்கள் தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டிருந்தார்கள்.

ஃபின்லாந்தின் டூர்க்கு பல்கலைக்கழகத்தில் எஸ்கோ கெஸ்கினென் 1990களில் இவற்றையெல்லாம் ஒரு படமாகச் சேர்த்தார். பின்னர் கிரெகெர்சென், கிளாட் உட்பட ஐவர் சேர்ந்து எழுதி 2002-இல் வெளியான கட்டுரையில் அது ஓர் அட்டவணையாக நின்றது. ஓட்டுநர் கல்வியின் இலக்குகள் அட்டவணை என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவில் ஓட்டுநர் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தொடாமல் பேசுவதில்லை.

அட்டவணைக்கு நான்கு மாடி. தரைத்தளத்தில் வண்டி: கிளட்ச், கியர், பிரேக், ஸ்டியரிங். அதற்கு மேல் சாலை: எதிரே வருபவர், முந்துபவர், விதிகள், சிக்னல். மூன்றாம் மாடியில் பயணம்: எதற்காகப் போகிறோம், யாரோடு, எந்த நேரத்தில், என்ன அவசரத்தில். உச்சியில் வாழ்க்கை: நான் யார், எதை மதிக்கிறேன், கோபம் வந்தால் என்ன செய்வேன், வண்டி எனக்கு என்னவாக இருக்கிறது. மேல்மாடியில் நடப்பது கீழ்மாடியை ஆட்டிவைக்கும் என்பதுதான் சாரம். ஒவ்வொரு மாடியிலும் மூன்று அறை: தெரிந்திருக்க வேண்டியது, ஆபத்தைக் கூட்டுவது, தன்னைத்தானே எடைபோடுவது. ஆக 12 கட்டங்கள். 2010 வாக்கில் கெஸ்கினெனும் சகாக்களும் ஐந்தாவதாக ஒரு மாடியையும் எழுப்பினார்கள்: சமூகச் சூழல். ஒருவர் எந்தக் குடும்பத்தில், எந்தப் பண்பாட்டில், எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பது. பெண்ணியவாதிகள் வேறு வார்த்தையில் எத்தனையோ காலமாகச் சொல்லிவருவதை ஓட்டுநர் கல்வி ஐந்தாம் மாடியில் வந்து கண்டுகொண்டது.

முல்லைத்திணை படித்தவர்களுக்கு மூன்றாம் மாடி புதிதல்ல. வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தேர்ப்பாகனிடம் பேசும் பாடல்கள் எத்தனை! வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள், ஆகவே விரைந்து செலுத்து என்பான். அகநானூற்றின் நான்காம் பாட்டில் மலரில் அமர்ந்த வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்துவரும் தலைவனும் உண்டு. பயணத்தின் நோக்கமும் மனநிலையும் ஓட்டத்தைத் தீர்மானிக்கும் என்பதை அந்தக் கவிகள் அறிந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தேர்களில் கடிவாளம் ஆண் கையில், அவசரமும் ஆணுடையது. பெண் போய்ச்சேரும் இடமாக மட்டும் இருந்தாள். ‘பாகன்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் புழக்கத்தில் பெண்பால் இல்லை. ‘ஓட்டுநர்’ என்ற சொல் அந்தவகையில் நல்ல சொல், இருபாலுக்கும் இடம் வைத்திருக்கிறது.

அட்டவணைக்கு வருகிறேன். எனக்கு அது பிடிக்கும். நான் ஓட்டக் கற்ற காலத்தில் யாராவது அதை எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘வாழ்க்கை இலக்குகள்: தன்மதிப்பீடு’ என்ற கட்டத்தை வைத்துக்கொண்டு காலை ஆறரை மணிக்கு ஒரு பயிற்றுநர் என்ன செய்வார்? கற்பவர் வண்டியை நிறுத்தி நிறுத்தி அணைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பால்வண்டி ஹார்ன் அடிக்கிறது. 12 கட்டங்களில் ஒன்றுகூட வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லாது. லெவிட்டின் கைக்கண்ணாடியில் இருந்தது இங்கே இல்லை: எடுத்துப் பிடிக்கும் கைப்பிடி.

கைப்பிடி போட முயன்றவர்கள் உண்டு. 2007-இல் தொடங்கி 2010 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் ஹெர்மிஸ் என்ற திட்டம் நடந்தது. பயிற்றுநர்கள் கட்டளையிடுவதைக் குறைத்துக் கேள்வி கேட்கப் பழகவேண்டும் என்பது அதன் வழி. வகுப்பறையில், மைதானத்தில், சாலையில் என்று பயன்படுத்தத்தக்க சிறுசிறு பயிற்சிக் காட்சிகளை எழுதித் தந்தார்கள். பயிற்றுநர்களுக்குச் சில நாள் பயிலரங்கும் வடிவமைத்தார்கள். நார்வே இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே ஓட்டுநர் பயிற்றுநர் ஆக இரண்டாண்டு உயர்கல்வி படிக்கவேண்டும். கற்பித்தலியல் அதில் முக்கியப் பாடம். பட்டத்தின் பெயரைத் தமிழாக்கினால் ‘போக்குவரத்து ஆசிரியர்’ என்று வரும். பிரிட்டனில் சம்பளம் வாங்கிக் கார் ஓட்டக் கற்பிப்பவர்களின் பதிவு 1970-இல் கட்டாயமானது. ஆனால் 2014-இல்தான் பயிற்றுநரைச் சோதிக்கும் அதிகாரி, அவர் கற்பவரின் தேவையைக் கேட்டுப் பாடத்தை அமைத்தாரா, ஆபத்துக்கு யார் பொறுப்பு என்று இருவரும் முன்கூட்டிப் பேசிக்கொண்டார்களா என்றெல்லாம் 17 திறன்களில் மதிப்பெண் போடத் தொடங்கினார். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எந்த நல்ல யோசனையும் மதிப்பெண் படிவமானால் என்னாகும் என்பதைக் கல்லூரியில் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணும் அறிவாள். பாலினச் சமத்துவத்துக்கே ஆண்டுதோறும் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் ‘ஆபத்துக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டிப் பேசு’ என்பதில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை வாயால் சொல்ல முடியும்.

இனி இந்தக் கோட்பாடு யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்கவேண்டும். சறுக்குப் பயிற்சியால் கெட்டவர்கள் இளம் ஆண்கள். மிகைநம்பிக்கை என்ற நோயைக் கண்டது அவர்களிடம். ஸ்வீடனின் ஓலா ஸ்வென்சன் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது: அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினர் தங்கள் ஓட்டும் திறமை நடுமட்டத்துக்கு மேல் என்று சொன்னார்கள். கணக்குப்படி பாதிப் பேர்தான் அங்கே இருக்க முடியும். ஆகவே தன்மதிப்பீடு என்ற மூன்றாவது அறைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் தரப்பட்டது: கற்பவரின் தலைக்கனத்தைக் கொஞ்சம் இறக்கு.

எங்கள் ஆசிரியர் அறையின் ஐந்து அட்டைகள் இந்தக் கோட்பாட்டுக்குள் எங்கே பொருந்தும்? அவர்களிடம் இறக்குவதற்குத் தலைக்கனம் இல்லை. நன்றாக ஓட்டியும் ஓட்டத் தெரியாது என்று நம்புகிறவர்கள் அவர்கள். தன்னை எடைபோடுவது என்றால் எடையைச் சரியாகப் போடுவது. ஒருவருக்கு அது இறங்கும், இன்னொருவருக்கு ஏறும். அட்டவணையில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போனவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யியுங், வான் ஹிப்பெல் இருவரும் வெளியிட்ட சோதனையை என் மாணவிகளிடம் அடிக்கடி சொல்வேன். பெண்களைச் செயற்கைக் காரில் ஓட்டவைத்தார்கள். ஒரு குழுவிடம், ஆண்கள் பெண்களைவிட நன்றாக ஓட்டுவதற்கு என்ன காரணம் என்று ஆராய்கிறோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட பெண்கள், திடீரென்று சாலையில் குறுக்கிட்டவர்கள்மேல் மோதிய வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்குக்கும் மேல். ஒரே ஒரு வாக்கியம். “லேடீஸ்னாலே இப்படித்தான்” என்று ஒரு பயிற்றுநர் சிரித்துக்கொண்டே சொல்வதும் அதே வாக்கியம்தான். அதைப் புண்படுத்தும் பேச்சு, மரியாதைக் குறைவு என்று மட்டும் நாம் கண்டிக்கிறோம். பயிற்றுநரிடம் அதை வேறுவிதமாகச் சொல்லலாம்: பிரேக் லைனிங் தேய்ந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது போன்ற காரியம் இது. இந்த மொழி அவருக்குப் புரியும். தொழில் மானம் உள்ளவர் என்றால் சுடவும் செய்யும்.

நம் ஊர் விதிகளுக்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24ஆம் விதி, டிரைவிங் ஸ்கூல் பயிற்றுநருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி; ஐந்தாண்டு ஓட்டிய அனுபவம்; மோட்டார் மெக்கானிக் சான்றிதழ்; சாலைக் குறியீடுகளில் தேர்ச்சி; வண்டியின் பாகங்களை விளக்கிக்காட்டும் ஆற்றல்; ஆங்கிலமோ வட்டார மொழியோ தெரிந்திருக்கவேண்டும். திரும்பத் திரும்ப வாசித்தேன். எஞ்சினை விளக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று இருக்கிறது. பயந்திருக்கும் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று இல்லை. வண்டியைத் தெரிந்தவர் கேட்கப்படுகிறார். மனிதரைத் தெரிந்தவர் கேட்கப்படவில்லை. இது பயிற்றுநரின் குற்றமாகாது. அவருக்கு யாரும் எதையும் தந்ததில்லை.

31ஆம் விதியில் பாடத்திட்டம் இருக்கிறது. கார் கற்பவருக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் குறைந்தது பத்து மணி நேரம் ஓட்டம். முதல் பகுதியின் பெயரே ‘ஓட்டுதல் கோட்பாடு’. அதற்குள் பிரிட்டிஷ் பயிற்றுநர்களின் பழைய சூத்திரம் ஒன்று குடியேறியிருக்கிறது: கண்ணாடி, சைகை, நகர்வு. முதலில் கண்ணாடியைப் பார், பிறகு சைகை காட்டு, அதன்பிறகே வண்டியைத் திருப்பு. மூன்று சொல், சரியான வரிசையில். பக்கத்து இருக்கையிலிருந்து சொல்லத்தக்க கோட்பாடு என்றால் இதுதான். லெவிட்டின் கைக்கண்ணாடியின் பேத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இதில் வருத்தம் என்னவென்றால், இந்தச் சூத்திரம் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுகிறது. மேல்மாடிகளுக்கு இப்படி மூன்று சொல் யாரும் செய்துதரவில்லை. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான புதிய விதிகள் வந்திருக்கின்றன. காருக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரப் பாடம், முடித்தவருக்கு ஆர்.டி.ஓ. முன் ஓட்டிக்காட்டும் தேர்விலிருந்து விலக்கு. மணி நேரம் கூடியிருக்கிறது. டிகால்பின் 70 மணி நேரம் தந்த பாடத்தையும் நினைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

24ஆம் விதியிலேயே இன்னொரு நிபந்தனை உண்டு: பயிற்சி வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்கவேண்டும். பக்கத்து இருக்கையின் காலடியிலும் பிரேக், கிளட்ச். உயிர் காக்கும் ஏற்பாடு, வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கற்பவரின் பக்கத்திலிருந்து அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நான் நாற்பதை நெருங்கும்போது கற்றேன். பதினைந்தாம் நாள் ஒரு சந்திப்பில் குறுக்கே ஆட்டோ வந்தது. வண்டி அழகாக நின்றது. நின்றது என் காலாலா, மாஸ்டரின் காலாலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு மேடம், நான் பாத்துக்கறேன், நீங்க ஓட்டுங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த 21 நாளும் நான் ஓட்டினேனா, ஓட்டப்பட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. லைசென்ஸ் வாங்கி, சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்த முதல் நாள் பக்கத்துக் காலடியைப் பார்த்தேன். அங்கே வெறும் பாய் கிடந்தது. நம்மில் பலர் அந்த இடத்தில்தான் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுகிறோம்.

தன்மதிப்பீடு என்ற பெரிய சொல்லை இங்கே ஒரு சின்ன வாக்கியமாக மாற்றிவிடலாம். மாஸ்டர் பிரேக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: “இப்ப பிடிச்சது நான்.” தொடாதபோது, “இது நீங்களே நிறுத்துனது.” அவ்வளவுதான். செலவில்லை, கருவியில்லை, பயிலரங்கு தேவையில்லை. பத்து நாளில் “நான் பிடிச்சது” குறைந்து “நீங்க பிடிச்சது” கூடுவதைக் கற்பவர் தன் காதால் கேட்பார். மிகைநம்பிக்கைக்காரப் பையனுக்கும் இதே வாக்கியம் போதும். தான் நிறுத்தியதாக நினைத்த மூன்றை நிறுத்தியது யார் என்று அவனுக்கும் தெரியட்டும். ஒருவருக்கு எடை ஏறும், ஒருவருக்கு இறங்கும், வாக்கியம் ஒன்றே.

மேல்மாடிகளுக்கும் இதுபோல் செய்ய முடியும். சாவி போடுமுன், “இன்னிக்கு எப்படி வந்திருக்கீங்க, தூங்குனீங்களா?” என்று ஒரு கேள்வி. வழியில், “பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்க. இப்ப வேகத்தைக் கூட்டுனா அது உங்களுக்காகவா, அவருக்காகவா?” என்று ஒன்று. 18ஆம் நாள் வாக்கில், “லைசென்ஸ் வந்ததும் முதல்ல எங்க போவீங்க? யாரு கூட உட்காருவாங்க? அவங்க என்ன சொல்லுவாங்க?” இந்தக் கடைசிக் கேள்வி ஐந்தாம் மாடி. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து “பாத்து, பாத்து” என்று சொல்லப்போகும் வீடு, மாமனாரின் காராக இருக்கும் கார், கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்ற கணக்கு, எல்லாம் அந்த மாடியில்தான் இருக்கின்றன. அதற்கு மாஸ்டரிடம் தீர்வு இருக்காது. இருக்கவேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் ஒருநாள், “பாத்து, பாத்து” என்று அவரே பக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்து, அந்தக் குரலோடு ஓட்டப் பழக்கலாம். எதிரே லாரி வருவதுபோல அதுவும் சாலையில் நேரும் ஒன்றுதானே.

ஒரு மாஸ்டரிடம் இதையெல்லாம் அரைப்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கல்லூரி மாணவிகளுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரு டிரிப்புக்கு நாலு பேரை ஏத்துறேன். ஆளுக்குக் கால்மணி நேரம். இதுல நான் பேச ஆரம்பிச்சா அவங்க எப்ப ஓட்டுறது?” என்றார். நியாயமான கேள்வி. டூர்க்கு அட்டவணையை எழுதியவர்கள் காரில் இருவரை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள். நம் காரில் முறைக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள் பின் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டோ, முன்னால் இருப்பவள் தடுமாறும்போது உள்ளங்கை வியர்த்துக்கொண்டோ.

அந்த மூவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள் என்றேன். ஒருவர் கண்ணாடி பார்த்தாளா என்று பார்க்கட்டும். ஒருவர் மாஸ்டரின் காலைப் பார்க்கட்டும். அவருக்கு வாக்கியம் சொல்ல மறந்துபோனால் அவர் சொல்லட்டும். மூன்றாமவர் அவள் மூச்சை எப்போது பிடித்தாள், எப்போது விட்டாள் என்று மட்டும் கவனிக்கட்டும். இறங்கும்போது ஆளுக்கு ஒரு வார்த்தை.

மாஸ்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் வண்டியில் ஏறிய மாணவிகளில் ஒருத்தி வந்து சொன்னாள்: பின்சீட்டில் இருந்த வயதான அக்கா ஒருவர், காய்கறிக்கடை வைத்திருப்பவராம், மாஸ்டரின் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்து, ரவுண்டானா தாண்டியதும், “அவரு காலு அசையவே இல்ல கண்ணு. முழுக்க நீதான்” என்றாராம்.